மேல்கட்டில் எதிர்க்கட்சியும் ஒன்பதாம் வகுப்பும்

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் திரு. மணிமாறன் அவர்கள் சமூகத்துக்கு,

துபாய், அல் குசைஸ் கேம்ப்பில் மெஸ் சமையல் பார்க்கும் தங்கள் தாய்மாமன் அம்மையப்பன் இரு கையும் கூப்பி, ரூமில் கூட இருக்கும் வேலுச்சாமியின் கையால் எழுதுவித்துக்கொள்ளும் விண்ணப்பம். இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் சுகமில்லை, அது தனியாக ஊருக்குப் போகவேண்டும் என்கிறது. அங்கே தாங்களும், தங்கள் இல்லத்தாரும், தங்கள் காரும், அதற்கு முன்னால் போகிற காரும் சுகமாக இருக்க நம் குலசாமி சாஸ்தா துணையிருக்கட்டும். தொகுதி மக்கள் எழுதினால் தங்களிடமிருந்து பதில் வராது என்று ஒரு பேச்சு இருக்கிறது. நான் வெறும் தொகுதி மக்கள் இல்லை. தங்களுக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவன். அன்றைக்குத் தாங்கள் என் புது வேட்டியை என்ன செய்தீர்கள் என்பதை இதுவரை எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை. அந்த மரியாதையை மனதில் வைத்து இதைக் கடைசிவரை படிக்கவும்.

சென்ற மாதம் தமிழ்ச் சங்கத்தார் தங்களை இங்கே வரவழைத்து, பெரிய ஓட்டல் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். நான் மத்தியானச் சமையலை விடியுமுன்னே முடித்து, ரசத்தில் உப்புப் போட்டேனா இல்லையா என்ற சந்தேகத்தோடு, வேலுச்சாமியையும் கூட்டிக்கொண்டு பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தேன். கையில் துணி சுற்றிய ஒரு பெரிய இரும்புக் கரண்டி இருந்தது. அதை ஏன் தூக்கிக்கொண்டு வந்தேன் என்பது பின்னால் வருகிறது. வாசலில் செக்யூரிட்டி மறித்து, "பாபா, யே கியா ஹை?" என்றான். "சம்மச், பாய்," என்று கரண்டிக்கு எனக்குத் தெரிந்த இந்தியைச் சொன்னேன். "இத்னா படா சம்மச்?" என்று அதை மிஷினுக்குள் விட்டான். மிஷினில் அது நீளமாக, கறுப்பாக, ஒரு முனை அகலமாகத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து உள்ளே மைக்கில் தாங்கள் "துப்பாக்கி, துப்பாக்கி" என்று முழங்கிக்கொண்டிருக்கிறீர்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு செக்யூரிட்டி மலையாளி. அவருக்கு அந்த ஒரு வார்த்தை நன்றாகப் புரிந்துவிட்டது. அப்புறம் என்னைச் சுவர் ஓரமாக நிறுத்திக் கையைத் தூக்கச் சொல்லி, மடியில் இருந்த வெற்றிலைப் பொட்டலம்வரை பிரித்துப் பார்த்து, கரண்டியை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு டோக்கன் கொடுத்தார்கள். மருமகனைப் பார்க்க டோக்கனோடு போன மாமன் நம் வம்சத்தில் நான்தான்.

உள்ளே வந்து உட்கார்ந்தால் தாங்கள் கல்வியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். கிராமத்துக்கு ஒரு பள்ளிக்கூடம் என்பது பழைய காலத்து வழக்கம், விரல்விட்டு எண்ணுகிற பிள்ளைகளுக்காக அரசுப் பணத்தைக் கொட்டுவது வீண், எல்லாவற்றையும் டவுனில் ஒன்றாகச் சேர்த்துக் குளிர் அடிக்கிற அறையில் தொட்டால் எரிகிற பலகை வைத்துவிட்டால் செலவு பாதியாகும் என்றீர்கள். ஏசிக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். பிறகு, மலையடிவாரத்து விவசாயி காட்டுப்பன்றியால் அழிகிறான், அவனுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் ரேஷன் கார்டு மாதிரி சுலபமாகக் கிடைக்கச் சட்டம் வேண்டும், சட்டமன்றத்தில் நான் கேட்டேன், இனியும் கேட்பேன், ஏர் பிடித்த கை துப்பாக்கி பிடிக்கக் கூடாதா என்றீர்கள். பயங்கரக் கைதட்டல். தட்டியவர்கள் எல்லாம் பன்றியைச் செல்போனில் பார்த்தவர்கள். தாங்கள் ஏர் பிடித்ததை நானும் பார்த்ததில்லை என்பதால் எனக்கு மட்டும் கை எழவில்லை. கால் எழுந்துவிட்டது. எழுந்து நின்று, பழைய பழக்கத்தில், "அவைத்தலைவர் அவர்களே, ஒரு ஒழுங்குப் பிரச்சினை," என்றேன். மண்டபமே திரும்பியது. சங்கத்துச் செயலாளர் ஸ்ரீனிவாசன் என்பவர், பேண்ட்டில் இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நிற்க, ஓடிவந்து என் தோளைத் தொட்டு, "பெரியவரே, சாப்பாடு அந்தப் பக்கம். இன்னும் திறக்கலை," என்றார். தாங்கள் மேடையிலிருந்து என்னைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டுத் தண்ணீர் குடித்தீர்கள்.

இனிமேல் தாங்கள், வாங்கள் என்று சொல்ல வாய் கோணுகிறது. வேலுச்சாமி, 'நீ' என்றே எழுது. எழுதலாமா என்கிறான். எழுதுடா, வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாப்ளே, அந்த ஒழுங்குப் பிரச்சினை உனக்கு ஞாபகம் இல்லாமல் போயிருக்காது. உன் அம்மா, என் அக்கா, அழுது அழுது எனக்கு ஆள் சொல்லிவிட, நான் கம்பெனியில் காலைப் பிடித்து ஹெல்பர் விசா வாங்கி, உன்னை இதே குசைஸ் கேம்ப்புக்கு இறக்கிய வருடம். பன்னிரண்டாவது பாஸ் செய்த பையன் சிமெண்ட் மூட்டை தூக்கி வந்து மேல்கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாய். சோறு வேண்டாம் என்பாய், அப்புறம் ராத்திரிச் சோற்றுக்கு முதல் தட்டு உன்னுடையதாக இருக்கும். அந்த ரூம் இரும்புக் கட்டில்கள், ஒன்றின்மேல் ஒன்று. ஊருக்குப் போய் வருகிறவர்கள் முறுக்கும் ஊறுகாயும் தினத்தாளில் சுற்றிக் கொண்டுவருவார்கள். நாங்கள் முறுக்கைத் தின்போம், நீ தாளைப் பிரித்து எண்ணெய்க் கறையைத் துடைத்துவிட்டுப் படிப்பாய். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜெய்னுலாப்தீன் பாய் பள்ளிவாசலிலிருந்து வந்ததும் சாப்பாடு. சாப்பிட்டதும் சட்டசபைச் செய்தியை நீ சத்தமாகப் படிப்பாய். படித்துப் படித்து ஒருநாள் நாமே நடத்தினால் என்ன என்றாயிற்று. பழைய ஆட்களுக்குக் கீழ்க்கட்டில், அது ஆளுங்கட்சி. புது ஆட்களுக்கு மேல்கட்டில், அது எதிர்க்கட்சி. கூரைத் தகரத்துச் சூடு முழுக்க அவர்களுக்கு. எதிர்க்கட்சிக்கு எப்போதும் வெக்கை அதிகம்தான். ஆனால் கோபம் வந்தால் மேலேயிருந்து தலையணையைப் போடுகிற வசதி ஆளுங்கட்சிக்குக் கிடையாது.

ஜெய்னுலாப்தீன் பாய் அவைத்தலைவர். அவர் காயல்பட்டினத்துக்காரர், ஃபோர்மேன், அவர் இருமினாலே ரூம் அடங்கும். என்னுடைய இந்தக் கரண்டிதான் அவருக்குச் செங்கோல். அமளி வந்தால் கட்டில் காலில் 'டங்'கென்று ஒரு அடி. மெஸ்ஸுக்குக் காய்கறி வாங்குகிறவன் என்பதால் நான் நிதியமைச்சர். பெயர் எழுதத் தெரியாத நான் பட்ஜெட் வாசித்தேன், நீங்கள் எல்லாரும் கேட்டீர்கள். கல்வி அமைச்சர் ஒரு மேஸ்திரி. பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடித்ததைத் தவிர அவருக்கும் கல்விக்கும் சம்பந்தமில்லை. என்ன கேள்வி கேட்டாலும் "பரிசீலனையில் உள்ளது" என்பார், அதுவும் நீ சொல்லிக் கொடுத்தது. இப்போது வெள்ளிக்கிழமை லீவும் போய் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆக்கிவிட்டார்கள். ரூமுக்குள் ஏசி இருக்கிறது, ஆளுக்கு ஒரு போன் இருக்கிறது. மேல்கட்டிலில் எதிர்க்கட்சி இன்றும் படுத்திருக்கிறது, காதில் எதையோ செருகிக்கொண்டு தனியாகச் சிரிக்கிறது. ரசம் சரியில்லை என்று யாராவது சண்டைக்கு வருவார்களா என்று நான் வேண்டுமென்றே புளியைக் கூட்டிப் பார்த்தேன். "சூப்பர் தாத்தா" என்று போய்விட்டார்கள். ஆளுங்கட்சி இப்படித்தான் செத்துப்போகும் மாப்ளே.

அந்தச் சபையில் நீ பேசிய பேச்சு எனக்கு அட்சரம் பிசகாமல் இருக்கிறது. மேல்கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கூரையில் தலை இடிக்க, "அவைத்தலைவர் அவர்களே, எங்க ஊர்ல எட்டாம் கிளாஸோட பள்ளிக்கூடம் முடிஞ்சு போகுது. அதுக்கு மேல படிக்கணும்னா காட்டு ரோட்டைத் தாண்டி டவுனுக்குப் போகணும். பையன்க போறோம். பொம்பளப் பிள்ளைக போகல. என்கூடப் படிச்ச உமாராணி கணக்குல எனக்குக் காட்டிக் குடுத்தவ. அவ இன்னைக்குப் பீடி சுத்துதா. எனக்குக் காட்டிக் குடுத்தவ பீடி சுத்துதா, பாத்து எழுதுன நான் துபாய்ல இருக்கேன். இது என்ன நியாயம்?" என்றாய். நான் நிதியமைச்சர் தோரணையில், "கஜானாவில் பணமில்லை," என்றேன். "பணமில்லேன்னா போன மாசம் மெஸ்ஸுக்கு டிவி எங்க இருந்து வந்துச்சு மாமா? பிள்ளைக படிப்புன்னா மட்டும் உங்களுக்குக் கஜானா காஞ்சு போகுமோ?" என்று மேலேயிருந்து தலையணையைப் போட்டாய். அது சாம்பார் வாளிக்குள் விழுந்தது. ஆளுங்கட்சியே உன் பக்கம் சாய்ந்துவிட்டது. பாய் கரண்டியால் 'டங்'கென்று அடித்து, "ஒன்பதாம் வகுப்பு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கலாஸ். யாராவது டீ போடுங்கப்பா," என்றார்.

அன்றைக்கு நான் உன் அத்தை, என் வீட்டுக்காரி, ராக்கம்மாவுக்குக் கேசட்டில் பேசிக்கொண்டிருந்தேன். எழுதப் படிக்கத் தெரியாத நமக்கு அப்போது கேசட்தான் கடுதாசி. சபை கூடிவிட்ட அவசரத்தில் டேப்பை அணைக்காமல் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். அது பாட்டுக்கு ஓடி, தீர்மானம் வரைக்கும் பிடித்து, 'டீ போடுங்கப்பா'வுக்கு முன்னால் தீர்ந்துவிட்டது. அதை லீவில் போகிறவர் கையில் கொடுத்தனுப்பினேன். ஊரில் ராக்கம்மாவிடம் டேப் கிடையாது, டீக்கடையில் போட்டுக் கேட்டிருக்கிறாள். நான் அவளுக்குச் சொன்ன அந்தரங்கம் முடிந்ததும் உன் குரல், பாய் குரல், 'டங்', நிறைவேறியது. டீக்கடைக்காரர், "நம்ம மணி துபாய் சட்டசபையில பேசி ஒன்பதாம் கிளாஸ் வாங்கிட்டானேய்யா," என்றாராம். ஒருவர், "துபாய்க்காரனுக்கும் நம்ம ஊருக்கும் என்னவே சம்பந்தம்?" என்று கேட்க, "ஊர்ல பாதிப் பேரு அங்கதானவே இருக்கான். அப்ப சபை அங்க கூடாம இங்கயா கூடும்?" என்று அடக்கிவிட்டார். அந்த வருடம் எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் ஒருவரும் டி.சி. வாங்கவில்லை. ஜூன் மாதம் திரும்பி வந்து பள்ளி வராந்தாவில் ஒன்பதாம் வகுப்பாக உட்கார்ந்துவிட்டார்கள். தலைமையாசிரியர் எங்கெங்கோ எழுதிக் கேட்டு, அப்படி ஒரு உத்தரவே இல்லை என்று தெரிந்து கலைத்துவிடுவதற்குள் பாதிப் பேர் முதல் பாடத்தை மனப்பாடம் செய்துவிட்டார்கள். அதற்குள் நீ விசா முடிந்து போய் இறங்கினாய். பஸ் ஸ்டாப்பிலேயே மாலை, மேளம். நீ ஒரு வார்த்தை, "அது சும்மா வெள்ளிக்கிழமை விளையாட்டு," என்று சொன்னாயா? கழுத்தைத்தானே நீட்டினாய். அந்த மாலையோடு வார்டு மெம்பர், அப்புறம் யூனியன், இப்போது எம்.எல்.ஏ. உன்னைக் குற்றம் சொல்லவில்லை. மாலை வந்தால் யாராக இருந்தாலும் கழுத்து தானாக நீளும். ஆனால் நீ ஏறிய படிக்கட்டில் முதல் படி அந்த ஒன்பதாம் வகுப்புதான், அது இன்னும் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறது.

துப்பாக்கி என்கிறாயே, உன் தாத்தா, என் அப்பன், வைத்திருந்த பயிர்க் காவல் துப்பாக்கியைப் பற்றி உனக்கு யார் என்ன சொன்னார்களோ. ஒரு பன்றி அதனால் செத்ததாக நான் அறியேன். ஒருநாள் விடியற்காலை கடலைக் காட்டில் பன்றியைக் குறிபார்த்துச் சுட்டார். பன்றி நின்று திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி தின்றது. குண்டு போய்ப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தில் மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டின் கம்பியை அறுத்து, அது உருண்டு கிணற்றுக்குள் போய்விட்டது. அது அரசாங்கத்து மணி. புது மணி வாங்க மேலே எழுதிப் போட்டார்கள். மணி இல்லாததால் பள்ளி எப்போது தொடங்குகிறது, எப்போது விடுகிறது என்று ஒருவருக்கும் தெரியாமல், நான் தினமும் போகும்போது பள்ளி விட்டிருக்கும். மேலிடம் மணிக்குப் பணம் ஒதுக்கி வருவதற்குள் எனக்கு மீசை வந்துவிட்டது. கல்விக்குச் செலவு செய்ய அரசாங்கம் யோசித்தால் என்ன ஆகும் என்பதற்கு உன் மாமன் கைநாட்டுதான் சாட்சி. போதாததற்கு, எலெக்‌ஷன் என்றால் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், முடிந்துதான் திரும்பக் கிடைக்கும். பஞ்சாயத்து, சட்டசபை, பார்லிமெண்ட், இடைத்தேர்தல் என்று அது வயலில் இருந்ததைவிட ஸ்டேஷனில் இருந்ததுதான் அதிகம். தேர்தல் தேதி அறிவித்தால் கட்சிக்காரனுக்கு முன்னே பன்றிகள் ஊருக்குள் வந்துவிடும். ஒருமுறை முடிவு வந்து அப்பா போய்க் கேட்டால் வேறு யாருடைய துப்பாக்கியையோ கொடுத்தார்கள். அது சுட்டால் பின்பக்கம் புகைந்தது. அவருக்கு அது பிடித்துப்போய் மாற்றவே இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் பேத்தி அருணா எட்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். நல்லாப் படிக்கிற பிள்ளை. மெஸ்ஸுக்கு எவ்வளவு அரிசி போடணும்னு நான் போனில் கேட்டால் மனக்கணக்காச் சொல்லுவாள். என் மகன், "காட்டு ரோட்டுல பன்னி திரியுதுப்பா, நான் லாரி ஓட்டப் போயிருவேன், கொண்டு போய் விட ஆள் இல்ல. அவ எட்டோட நிக்கட்டும்," என்கிறான். பிள்ளை புத்தகப் பையைத் துவைத்துக் காயப்போட்டு மடித்து வைத்துவிட்டாளாம். அதைக் கேட்டதிலிருந்து நான் போடுகிற எந்தக் குழம்பும் சரியாக வரவில்லை. பன்றி வருகிறது என்று நீ ஊருக்குத் துப்பாக்கி கொடுக்கப் போகிறாய். நான் கேட்கிறேன், பள்ளிக்கூடத்தை ரோட்டுக்கு இந்தப் பக்கம் வைத்தால் பன்றி அது பாட்டுக்கு ரோட்டில் போகட்டுமே, அதை யார் தடுத்தது? பிள்ளைகள் இல்லை, வகுப்பு வீண் செலவு என்கிறாய். வகுப்பு இல்லாததால்தானே மாப்ளே பிள்ளைகள் இல்லை. கூட்டத்தில் நான் எழுந்தது இதைக் கேட்கத்தான். கரண்டியைத் தூக்கி வந்தது, அதைப் பார்த்தாலாவது உனக்கு அந்த 'டங்' காதில் விழாதா என்றுதான். ஜெய்னுலாப்தீன் பாய் மண்ணுக்குள் போய்விட்டார். அவர் போட்ட தீர்மானம் ரத்தாகவில்லை. அவை இன்னும் கலைக்கப்படவில்லை. நிதியமைச்சர் நான் இருக்கிறேன், பணம் இல்லை என்று அன்று சொன்னதை இதன்மூலம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஆகவே ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது நம் ஊரில் ஒன்பதாம் வகுப்பு இருக்க வேண்டும். துப்பாக்கி என்ற பேச்சை உன் வாயிலிருந்து இனி நான் கேட்கக் கூடாது. ஒரு துப்பாக்கிகூட நம் தொகுதிக்குள் வரக் கூடாது. இரும்பு மிச்சம் இருந்தால் மணி செய்து பள்ளிக்கூடத்துக்குக் கட்டு. இல்லையென்றால் உனக்கும் எனக்கும் தாய்மாமன் உறவு அறுந்தது, உன் மகளுக்குக் கல்யாணம் என்றால் பத்திரிகையில் என் பெயரைப் போடாதே. போட்டாலும் சின்ன எழுத்தில் போடு.

உன் அம்மாவின் காலுக்கு என் நமஸ்காரம். உன் வீட்டுக்காரிக்கும் மகளுக்கும் என் ஆசீர்வாதம். உனக்கும்தான், என்ன இருந்தாலும். நோய் நொடி இல்லாமல், வழக்கு வம்பு இல்லாமல், டெபாசிட் போகாமல் நீடூழி இரு.

இப்படிக்கு,
உன் தாய்மாமன் அம்மையப்பன்
(இடது பெருவிரல் ரேகை. மஞ்சளாக இருப்பது குழம்பு.)

பின்குறிப்பு: கடிதத்தை வேலுச்சாமி போனில் உன் அத்தை ராக்கம்மாவுக்கு முழுக்க வாசித்துக் காட்டினான். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாத்தையும் அடிங்க," என்றாள். "இவன் பள்ளிக்கூடம் கட்டுறதுக்குள்ள அருணா பேத்தி எடுத்துருவா. நான் நேத்தே டவுன்ல ஒன்பதாம் கிளாஸ்ல சேத்துட்டு வந்துட்டேன். அந்தத் துப்பாக்கி லைசென்ஸை முதல்ல என் பேருக்கு வாங்கிக் குடுக்கச் சொல்லுங்க. நானே தோள்ல போட்டுக்கிட்டுப் பிள்ளையக் கொண்டு போய் விட்டுட்டு, சாயங்காலம் கூட்டிட்டு வாரேன்," என்கிறாள். ஆகவே மேலே துப்பாக்கிக்கு விரோதமாக நான் சொன்ன அத்தனையையும் அடித்துவிட்டு, உடனே சிபாரிசுக் கடிதம் கொடுக்கவும். பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னதை அடிப்பதும் அடிக்காததும் உன் இஷ்டம். ஆனால் டவுன் பள்ளிக்குப் போகிற வழி உன் வீட்டு வாசலைத் தொட்டுத்தான் போகிறது. தினமும் காலையும் மாலையும் அத்தை அந்த வழியாக வருவாள்.